சீரக டப்பாவில் பதினைந்து மாத்திரை

ஒரகடம் கூட்டு ரோட்டில் கிளியம்மாள் நடத்திய இட்லிக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. லாரிக்காரர்கள் ‘சந்தேகக்காரி கடை’ என்பார்கள். அவ்வளவு போதும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் எல்லாருக்கும் புரிந்துவிடும். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பால்காரர் முனிரத்தினம் குடத்தை இறக்குவதற்குள் அவள் விரலை விட்டு எடுத்து நகத்தின் மேல் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். சொட்டு நிற்காமல் ஓடினால் அன்றைக்கு அவர் தொலைந்தார். அரிசி மூட்டை வந்தால் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவுவாள். மேலே நல்லதைப் பரப்பி அடியில் நொய்யை வைக்காத வியாபாரி உலகத்தில் உண்டா என்று கேட்பாள். உண்டு என்று சொன்னவனையும் சந்தேகப்படுவாள்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தாளா என்றால் இல்லை. வல்லக்கோட்டையில் அவள் கல்யாணமாகி வந்தபோது ஊரே ஏமாற்றக்கூடிய வெள்ளந்தியாகத்தான் இருந்தாள். புருஷன் சின்னப்பையனுக்கு லாரியில் கிளீனர் வேலை. ‘பெங்களூர் வரைக்கும் போய்ட்டு நாளைக்கு வந்துட்றேன்’ என்று ஒரு நாள் காலையில் கிளம்பினான். கையில் மஞ்சள் பை. பையில் மூன்று சட்டை. அந்தச் சட்டைகளை மடித்து வைத்துக் கொடுத்தவளே கிளியம்மாள்தான். அவன் திரும்பி வரவில்லை. ஓசூரில் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு டிரைவர் வந்து சொன்னார்.

“ஒரு நாள் போய்ட்டு வரவனுக்கு மூணு சட்டை எதுக்குன்னு நான் கேக்கல பாரு,” என்று பிற்பாடு அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். “அத்த மட்டும் கேட்டிருந்தேன்னா என் கதையே வேற.” அன்றைக்கு அவனைக் கேட்காமல் விட்டதற்கு, அதற்கப்புறம் பதினேழு வருஷம் ஊரில் இருந்த எல்லாரையும் கேட்டாள்.

இட்லிக் கடை வைத்த புதிதில் கலப்பட எண்ணெய் டின் ஒன்று அவள் தலையில் கட்டப்பட்டது. அந்த எண்ணெயில் சுட்ட வடையைத் தின்ற இரண்டு டிரைவர்களுக்கு வயிற்றால் போய், கடையை மூடவேண்டிய நிலைமை வந்துவிட்டது. அதிலிருந்து அவள் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. புது எண்ணெய், புது மாவு, புது மிளகாய்த்தூள் எது வந்தாலும் முதலில் கோவிந்தம்மா வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளியம்மாள் அந்தப் பொருளைத் தொடுவாள்.

கோவிந்தம்மா யாரென்று சொல்ல வேண்டும். சேரப்பணஞ்சேரியிலிருந்து விடியற்காலையில் நடந்து வந்து மாவரைத்துப் பாத்திரம் தேய்த்தவள். புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். மூன்று குழந்தைகள். கூலியோடு கடையில் இரண்டு வேளைச் சாப்பாடு. பதினொரு மணிக்கு ஒரு இலை, மூன்று மணிக்கு ஒரு இலை. ருசி பார்க்கும் வேலையில் அவளுக்கு வருத்தமே இல்லை, ஒரு வாய் கூடக் கிடைக்கிறதே என்று சந்தோஷம்தான்.

ஆனால் கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. இலையில் போட்டதை இங்கேயே தின்ன வேண்டும், ஒரு பருக்கைகூட வாசலைத் தாண்டக் கூடாது. முன்னால் வேலை செய்தவள் ஒருத்தி, தன் பங்கு என்று சொல்லித் தினமும் ஒரு படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அதனால் கோவிந்தம்மா கிளம்பும்போது மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போவாள். அடுப்புச் சாம்பலை மட்டும் ஒரு கூடையில் எடுத்துக்கொள்ள அனுமதி. அவள் வீட்டுப் பூசணிக்கொடிக்கு அது எரு. சாம்பலில் யார் கையை விடுவார்கள்?

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் கிளியம்மாளுக்குத் தொப்புளுக்கு மேல் ஒரு புடைப்பு வந்தது. முதலில் எலுமிச்சங்காய் அளவு. இட்லிக் குண்டானை இறக்கினால் ‘சுரீர்’ என்று இழுக்கும். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் ரகுபதியிடம் போனாள். அவர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார்.

“ஆபரேஷன் பண்ணியாகணும்மா. குடல் அதுல மாட்டிக்கிச்சுன்னா ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனா நீங்க தொண்ணூத்தி ரெண்டு கிலோ இருக்கீங்க. இந்த எடையில மயக்க மருந்து குடுக்கச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில யோசிப்பாங்க. பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க.”

“கம்மியா துன்னுக்கிறேன் டாக்டரு.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள் இரண்டு மாதம் கழித்து இரண்டு கிலோ ஏறி வந்தாள். இட்லிக் கடைக்காரியின் கஷ்டம் அப்படி. ஈட்டுக்கு ஒரு இட்லி பிட்டு வாயில் போட்டுப் பார்க்காவிட்டால் அவளுக்கு நம்பிக்கை வராது. காலையில் இருபது ஈடு. சட்னி வேறு, சாம்பார் வேறு, மத்தியானம் சோறு பதம் பார்ப்பது வேறு. உட்கார்ந்து ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை, சாப்பிடாமல் ஒரு நிமிஷமும் இருந்ததில்லை. புடைப்பு இப்போது கொய்யாக்காய் அளவு.

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தார். “பசியைக் குறைக்கிற மாத்திரை ஒண்ணு எழுதறேன். எல்லாருக்கும் இத எழுத மாட்டேன். உங்களுக்கு ஆபரேஷன் அவசரம், இதயம் நல்லாருக்கு, பிரஷர் சரியா இருக்கு. அதனாலதான்.”

பசியைக் குறைக்கிற மாத்திரையா! கிளியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்படி ஒண்ணு நிஜமா இருந்தா அல்லாரும் அத்த முழுங்கிட்டுக் கெடப்பாங்களே. அப்புறம் என் கடை இன்னாத்துக்கு?”

நர்ஸ் ஜெபமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மாத்திரையை எண்ணி வைத்தாலும் விதிகளைச் சொல்லும்போது முகம் மாறிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லி, கிளியம்மாளைத் திரும்பச் சொல்லவைத்தாள்.

“காலையில எட்டு மணிக்குள்ள ஒண்ணு. மறந்துட்டா மறந்ததுதான், சாயங்காலம் போடக் கூடாது, தூக்கம் போயிடும். ஒண்ணுக்கு ரெண்டா போடக் கூடாது. பசிக்கலைன்னு பட்டினி கிடக்கக் கூடாது, நேரத்துக்குக் கொஞ்சமா சாப்பிட்டே ஆகணும். நெஞ்சு படபடன்னு அடிச்சா அன்னிக்கே நிறுத்திட்டு இங்க வரணும். பூட்டி வைக்கணும். முக்கியமா, வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. பதினைஞ்சுதான் தருவேன். பதினைஞ்சு நாள் கழிச்சு எடை, பிரஷர் பார்த்தப்புறம்தான் அடுத்த பதினைஞ்சு. எட்டு வாரத்துக்கு மேல கெஞ்சினாலும் கிடையாது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது கிளியம்மாளுக்கு மண்டை குடைந்தது. நல்ல மருந்தென்றால் எதற்கு இத்தனை எச்சரிக்கை? எதற்குப் பதினைந்து பதினைந்தாகக் கொடுக்கிறார்கள்? பதினாறாவது நாள் இவள் உயிரோடு இருப்பாளா என்று அவர்களுக்கே சந்தேகமோ?

மறுநாள் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வெள்ளையாக, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி இருந்தது. ‘யாருக்கும் குடுக்கக் கூடாது’ என்று ஜெபமணி சொன்னது காதில் இருந்தது. ஆனால் பதினான்கு வருஷ வழக்கம் கையில் இருந்தது. புதுப் பொருள் வந்தால் கடையில் முதலில் யார் வாயில் போக வேண்டும்?

“கோவிந்தம்மா, இங்க வாடி. இத்தப் போட்டுத் தண்ணி குடி.”

“இன்னாக்கா இது?”

“சத்து மாத்திரை. போட்டுட்டு எப்டிக் கீதுன்னு சொல்லு.”

கோவிந்தம்மா மறுபேச்சு பேசாமல் விழுங்கினாள். ஐயோ, எதைக் கொடுத்தாலும் விழுங்குகிறவள் அவள்! அன்றைக்கெல்லாம் கிளியம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளையே பார்த்தாள். அவள் சாகவில்லை. மயங்கவில்லை. அதற்கு நேர்மாறாகப் பம்பரமாகச் சுழன்றாள். இரண்டு குண்டான் மாவை ஒரே மூச்சில் அரைத்துத் தள்ளினாள். பதினொரு மணிக்கு இலை போட்டபோதுதான் அதிசயம் நடந்தது. “வோணாக்கா, பசிக்கவே இல்ல,” என்றாள். அவள் இலையை வேண்டாமென்று சொல்லிக் கிளியம்மாள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மூன்று மணிக்கும் அப்படியே. நாள் முழுக்கத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, போகும்போது கோவிந்தம்மா அடுக்கி வைத்த இட்லிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். கிளியம்மாள் அந்தப் பார்வையைக் கவனித்தாள். ஆனால் மாத்திரை நல்ல மாத்திரைதான் என்பதற்கு மேல் வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து அவளே போட்டுக்கொண்டாள். நாக்கு வறண்டது. இட்லியைப் பார்த்தால் பஞ்சைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஈட்டுக்கு ஒரு இட்லி பிட்டுப் போடுவது நின்றது. விதிப்படி நேரத்துக்குக் கொஞ்சம் சாப்பிட்டாள். பதினைந்தாம் நாள் தராசில் ஏறினால் நாலு கிலோ குறைந்திருந்தது. பிரஷர் சரியாக இருந்தது. ஜெபமணி அடுத்த பதினைந்தை எண்ணிக் கொடுத்தாள். டாக்டர், “இப்படியே போனா ஆனி மாசம் ஆபரேஷன்,” என்றார். வெகு நாளைக்கப்புறம் கிளியம்மாள் ஒரு ஆளை ஏறக்குறைய நம்பினாள்.

முதல் பதினைந்தையும் இடுப்புச் சுருக்குப் பையிலேயே வைத்திருந்தாள். அடுப்படி வியர்வையில் கடைசி இரண்டு மாத்திரை பிசுபிசுத்து மாவாகிவிட்டது. அதனால் இந்தத் தடவை சமையல்கட்டுப் பலகையில் சீரக டப்பாவுக்குள் பொட்டலமாகப் போட்டு வைத்தாள். பூட்டு இல்லை. சீரக டப்பாவில் மாத்திரை இருக்கிறதென்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஆறாம் நாள் காலையில் எண்ணிப் பார்த்தாள். ஐந்து போட்டுக்கொண்டது போகப் பத்து இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்ப எண்ணினாள், அதே ஆறு. பத்து இருந்தால் இன்னும் பத்து நாள், அப்புறம் தராசு, அப்புறம் ஆபரேஷன். ஆறென்றால் வைத்தியம் நடுவில் அறுந்துவிடும். வயிற்றில் இருக்கிற கொய்யாக்காய் அதற்குள் என்ன செய்யுமோ? யார் எடுத்தது? பால் ஊற்ற உள்ளே வருகிற முனிரத்தினமா? அவர் பெண்டாட்டியும் குண்டுதான். எலியா? எலி பொட்டலத்தைப் பிரித்து மடித்து வைக்காது. கோவிந்தம்மாவா? அவளுக்கு எதற்கு, எலும்பும் தோலுமாக இருக்கிறவளுக்கு இளைக்கிற மாத்திரை எதற்கு? கடைசியில் அவளுக்குப் பளிச்சென்று ஒரு சந்தேகம் வந்தது: அந்த நர்ஸ் பதினைந்துக்குப் பதினொன்றுதான் கொடுத்திருப்பாள்!

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் ஜெபமணியிடம் நின்றாள். “எண்ணறப்போ கண்ணைக் கட்டிட்டியாம்மா? நாலு கொறையுது.”

ஜெபமணி கோபப்படவில்லை. நோட்டைப் புரட்டி, பதினைந்து என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினாள். பிறகு கிளியம்மாளை உற்றுப் பார்த்தாள். அவளும் சந்தேகக்காரிதான், உத்தியோகம் அப்படி.

“தலைவலி மாத்திரையைப் பாதி உடைச்சு அக்கம்பக்கம் குடுக்கறது நம்ம ஊர் வழக்கம். யாருக்காவது குடுத்தீங்களா?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா குடுக்கல?”

“நான் எதுக்குக் குடுக்கறேன்? நீதான் குடுக்கக் கூடாதுன்னியே.”

“குடுத்திருந்தா சொல்லிடுங்க. இது உங்க எடைக்கும் உங்க இதயத்துக்கும் பார்த்து எழுதினது. சோத்துக்கு இல்லாம நோஞ்சானா இருக்கறவங்க வயித்துல போனா விஷம். நெஞ்சு எகிறி அடிக்கும். உடம்புல இருக்கற கொஞ்ச சத்தையும் உறிஞ்சிடும். ஆளே போயிடலாம்.”

கிளியம்மாளுக்கு அன்றைக்குக் கோவிந்தம்மா மாத்திரையை விழுங்கியது கண் முன்னால் வந்தது. ஆனால் வாய் வரவில்லை. ஒன்றுதானே, ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளதைச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்கிற பயமும் இருந்தது. ஊரெல்லாம் பொய் சொல்கிறதென்று திட்டுகிறவள், தன் வாயிலிருந்து வந்த பொய்யை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடைக்கு வந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? டிரங்குப் பெட்டியில் போட்டு ஒரு பூட்டுப் பூட்டியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நர்ஸ் அத்தனை சொல்லியும் அவளுக்கு அது தோன்றவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தோன்றியது. ஆனால் பூட்டிவிட்டால் திருடன் அகப்பட மாட்டானே! விஷமென்று தெரிந்தும் ஆறு மாத்திரையையும் சீரக டப்பாவிலேயே விட்டு வைத்தாள். துணிக்குப் போடுகிற நீலத்தூளைப் பொட்டலத்தின் மடிப்பிலும் டப்பா மூடியின் உள்பக்கத்திலும் மெல்லிசாகத் தூவினாள். வியர்த்த விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. தன் மாத்திரையை மட்டும் குச்சியால் தள்ளி எடுத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் முனிரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவர், “இன்னா கிளி, ஜோசியமா பார்க்கறே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டமும் லாரிக்காரர்களுமாகக் கடை நிரம்பி வழிந்தது. மூன்று மணிக்குக் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. கோவிந்தம்மா மடியை உதறிக் காட்டினாள். சாம்பல் கூடையைத் தலைக்குத் தூக்கக் கையை உயர்த்தினாள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலமாக இருந்தன.

“திருடி!” என்று கிளியம்மாள் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த நாலு பேரும் இலையை விட்டு எழுந்தார்கள். “நீயாடி? என் உப்பைத் துன்னுட்டு என் உசுருக்கே உலை வைக்கிறியாடி? இன்னும் இன்னா இன்னா எடுத்தே? கூடையை இறக்கு!” அவள் கூடையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கவிழ்ந்தது. சாம்பல் புகையாக எழும்பி அடங்கியது. நடுவில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்தாள். எட்டு இட்லி. ஓர் உருண்டை சோறு, புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்தது.

“பாருங்கய்யா, பாருங்க! இட்லியும் போச்சு, மாத்திரையும் போச்சு!”

“அது என் இலைல போட்டதுக்கா,” என்றாள் கோவிந்தம்மா. குரல் எழும்பவில்லை. “என் பங்குதான். ஒண்ணுகூட உன் தட்டுலேர்ந்து எடுக்கல. சத்தியமா.”

“உன் பங்கை நீ துன்னாம எதுக்குடி ஒளிக்கிறே?”

“புள்ளைங்களுக்கு.” அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எத்தினியோ நாள் எடுத்துப் போலாம்னு நெனைப்பேன்க்கா. இலைல உக்காந்தா பசி தாங்காது, துன்னுடுவேன். அன்னிக்கு நீ ஒரு மாத்திரை குடுத்தியே, நாள் பூரா பசியே எடுக்கல. இத்தப் போட்டா ரெண்டு வேளையும் அப்டியே வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாமேன்னு... நல்லது பண்ண உனக்கே கெடுதல் பண்ணிட்டேன். மன்னிச்சிடுக்கா. நெஞ்சு ரெண்டு நாளா ஒரே அடியா...”

அவள் முடிக்கவில்லை. கண் செருகி, கவிழ்ந்த சாம்பலிலேயே விழுந்தாள்.

கிளியம்மாள் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். ரைஸ்மில் பெல்ட் மாதிரி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இலையைப் போட்டுவிட்டு நின்ற டிரைவர் ஒருவர் லாரியை எடுத்தார். தொண்ணூற்று நாலு கிலோவில் ஆரம்பித்த கிளியம்மாள், கனம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொன்ன கிளியம்மாள், கோவிந்தம்மாவை யாரையும் எதிர்பார்க்காமல் தானே தூக்கி லாரியில் போட்டாள். தூக்கியபோது புடைப்பு வலிக்கவே இல்லையாம். அவளைத் தூக்கக் கனமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். டாக்டர் ரகுபதி அரை மணி நேரம் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடிப்பு இறங்க ஆரம்பித்தபோதுதான் நிமிர்ந்து, “என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டார்.

கண்ணைத் திறக்காமலே கோவிந்தம்மா முந்திக்கொண்டாள். “நான்தான் திருடித் துன்னேன் டாக்டரு. அக்கா மேல ஒண்ணும் இல்ல.”

ஜெபமணி கிளியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கிளியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருஷமாக ஊர் முழுக்க அவள் பார்த்த பார்வை அதுதான். இன்றைக்குத்தான் அது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“பொய் சொல்றா,” என்றாள் கிளியம்மாள். “மொதல் மாத்திரை நான் குடுத்தேன். எனக்குப் பயம், அதனால அவ வாயில போட்டுப் பார்த்தேன். அன்னிக்கு நீ கேட்டப்போ இல்லன்னு சொன்னது பொய். விஷம்னு நீ சொன்ன அப்புறமும் நான் பூட்டல. திருடியப் புடிக்கணும்னு வேணும்னே தெறந்து வெச்சேன்.” சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை, சின்னப்பையன் போன அன்றைக்குக்கூட.

கொஞ்சம் தெளிந்ததும் கோவிந்தம்மாவைத் தாங்கிப் பிடித்துத் தராசில் நிறுத்தினார்கள். முப்பத்தாறு கிலோ.

“உன் தராசு பொய் சொல்லுது,” என்றாள் கிளியம்மாள். பழக்கம் போகுமா? கோவிந்தம்மாவை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே ஏறி நின்றாள். எண்பத்தொன்பது. போன தடவைக்கு ஒரு கிலோ குறைவு, சரியாக இருந்தது. தராசு மேல் ஒரு தப்பும் இல்லை.

டாக்டர் மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். “இது நல்ல மருந்துதான்மா. ஆனா பூட்டி வைக்காத வீட்டுக்கும், உண்மை சொல்லாத ஆளுக்கும் நான் இதைத் தர முடியாது. மிச்ச எடையை நடந்து குறைங்க, மெதுவா, கனம் தூக்காம.”

பத்து நாள் கோவிந்தம்மா படுக்கையில் இருந்தாள். அவளுக்கும் குழந்தைகளுக்கும் சாப்பாடு போக வேண்டும். யாரிடம் கொடுத்தனுப்புவது? எவன் கையில் கொடுத்தாலும் பாதி வழியில் பாதியாகிவிடும் என்று கிளியம்மாளுக்குச் சந்தேகம். பஸ்ஸில் வைத்தனுப்பினால் கண்டக்டர் மேல் சந்தேகம். அதனால் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூக்குச்சட்டியோடு சேரப்பணஞ்சேரிக்கு அவளே நடந்தாள். போக ஒரு மணி, வர ஒரு மணி. வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே போவாள். கோவிந்தம்மா எழுந்து வேலைக்கு வந்த பிறகும் கிளியம்மாள் அந்த நடையை நிறுத்தவில்லை. ஆடிக்குள் எண்பத்து நாலு கிலோ. ஆவணியில் செங்கல்பட்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் கடையின் சாவி கோவிந்தம்மா இடுப்பில் இருந்தது.

திரும்பி வந்த முதல் நாள், கிளியம்மாள் கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கோவிந்தம்மாவை எதிரே உட்காரவைத்து, “என் கண்ணெதிர்ல துன்னு,” என்றாள். நாலு இட்லி உள்ளே போகிறவரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. கை விரலையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மறுபடியும் ஒரு இலை, மறுபடியும் காவல்.

கிளம்பும்போது கோவிந்தம்மா கையில் தூக்குச்சட்டி இருந்தது. ஒளிவுமறைவு இல்லை, பிள்ளைகளுக்குத் தினமும் பன்னிரண்டு இட்லி என்பது இப்போது கடையின் சட்டம்.

“இறக்கு,” என்றாள் கிளியம்மாள்.

மூடியைத் திறந்தாள். மேலே நாலு இட்லி, இப்போதுதான் இறக்கியது, ஆவி அடித்தது. அரிசி மூட்டைக்குள் விடுகிற மாதிரி கையை அடிவரைக்கும் விட்டாள். அடியில் இருந்த எட்டும் சில்லென்று, கல்லாக, காலையில் விற்காமல் நின்றுபோனவை.

“மேல நல்லது, அடியில நொய்யா? என்கிட்டயேவாடி?”

“கடைக்கு வரவங்களுக்குச் சூடா போடணும்லக்கா. நம்ம புள்ளைங்க இத்தத் துன்னுங்க...”

கிளியம்மாள் அந்த எட்டையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். எழுந்து போய்க் குண்டானைத் திறந்து, கொப்பளிக்கிற ஆவியில் கையை விட்டு, புதிதாக எட்டு எடுத்து அடியில் அடுக்கினாள். “நாளைக்கும் கை விட்டுப் பார்ப்பேன்,” என்றாள்.

மறுநாளும் பார்த்தாள். கடை இருந்த வரைக்கும் தினமும் மூன்று மணிக்கு அந்தத் தூக்குச்சட்டியின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். அதைப் பார்த்த லாரிக்காரர்கள், இத்தனை வருஷம் வேலை செய்கிறவளையும் நம்பாத பிறவி என்று பேசிக்கொண்டார்கள். கிளியம்மாள் அடியில் இருக்கிற இட்லியும் சுடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போட்டுக் கொடுப்பாள்.